இலவச மென்பொருள் வயலுக்கு வந்து சேரட்டும்

ஒரு ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் செலவாகிறது. விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டார் அதற்காக ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். இந்தத் தண்ணீரை இன்றே பாய்ச்சலாமா, நான்கு நாள் பொறுக்கலாமா என்பதை விவசாயி வானத்தைப் பார்த்தும், மண்ணைக் கிளறிப் பார்த்தும், இலை சுருளுவதைப் பார்த்தும் முடிவு செய்கிறார். அந்த அனுபவ அறிவுக்கு மாற்று இல்லை. ஆனால், கிணற்றில் இருப்பது இன்னும் நான்கு தண்ணீருக்குத்தான் போதும் என்ற நிலை வரும்போது, அந்த நான்கையும் எந்தெந்த நாளில் கொடுத்தால் மகசூல் இழப்பு குறையும் என்ற கேள்விக்கு அனுபவம் மட்டும் பதில் சொல்வது கடினம்.

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் சில முழுக்க இலவசம். எப்படிக் கணக்குப் போடுகின்றன என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். இருந்தும், இவை ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறும் அளவுக்கு விரிவாக்கப் பணியாளரின் மேசைக்கு வருவதில்லை. விவசாயிக்குப் புரியாது என்றும், அலுவலருக்கு ஆர்வமில்லை என்றும் காரணம் சொல்லப்படுகிறது. உண்மையான தடை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. மென்பொருளைக் கணினியில் ஏற்றி ஒரு முறை ஓட வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

தண்ணீரைக் கணக்கிடும் கருவி

உலக உணவு மற்றும் வேளாண் நிறுவனத்தின் 'அக்வாகிராப்' மாதிரியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் குறைந்தால் மகசூல் எவ்வளவு குறையும் என்பதற்கு 1979-லேயே அந்த நிறுவனம் ஒரு எளிய சூத்திரத்தை வெளியிட்டது. பாசனத் திட்டங்களில் பல ஆண்டுகள் அதுவே பயன்பட்டது. அதை விரிவாக்கி, பயிரை நாள்தோறும் பின்தொடரும் மாதிரியாக 2009-ல் அக்வாகிராப் வந்தது.

இதன் கணக்கு விவசாயிக்கு அந்நியமானதல்ல. ஒவ்வொரு நாளும் நிலத்தை எவ்வளவு பசுமை மூடியிருக்கிறது என்று பார்க்கிறது. வேர் எட்டும் ஆழத்தில் எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்று வரவு செலவு போடுகிறது. மழையும் பாசனமும் வரவு. ஆவியாதலும், இலைவழி நீராவிப்போக்கும், ஆழத்துக்கு வடிவதும், மேலே வழிந்தோடுவதும் செலவு. இலைவழி வெளியேறிய நீரிலிருந்து பயிர் சேர்த்த உலர்பொருளைக் கணக்கிடுகிறது. அதில் தானியமாகவோ கிழங்காகவோ சேரும் பங்கை எடுத்து மகசூலைச் சொல்கிறது. பயிர் வாடத் தொடங்கும் நாளில் இலை விரிவதும், பூ நிற்பதும் எவ்வளவு பாதிக்கப்படும் என்பதும் கணக்கில் வருகிறது.

இதற்கு அது கேட்பவையும் குறைவு. தினசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, மழையளவு, அன்றைய வானிலையில் எவ்வளவு நீர் ஆவியாகும் என்ற மதிப்பு, மண்ணின் வகை, பயிர், விதைத்த தேதி, பாசன முறை. இவ்வளவு இருந்தால் கணக்கு ஓடும்.

விண்டோஸ் கணினியில் இயங்கும் மூல அக்வாகிராப் முதலிலிருந்தே இலவசம்தான். ஆனால் அதன் உள்ளே இருக்கும் நிரல் நீண்ட காலம் வெளியில் கிடைக்கவில்லை. 2022-ல்தான் அது பொதுவில் வைக்கப்பட்டது. அதற்கு முன்பே 2017-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் ஃபாஸ்டரும் பிற ஆய்வாளர்களும் இதே கணக்கைத் திறந்த நிரலாக எழுதினார்கள். ஆனால் அதை ஓட்ட 'மேட்லாப்' என்ற மென்பொருள் வேண்டும். அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. நிரல் இலவசம், அதை ஓட்டும் மேடைக்குப் பணம் என்ற நிலை.

அந்தத் தடையை நீக்கத்தான் 2021-ல் தாமஸ் கெல்லியும் டிம் ஃபாஸ்டரும் 'அக்வாகிராப்-ஓஎஸ்பை' என்ற பெயரில் பைத்தான் மொழியில் இதைக் கொண்டுவந்தார்கள். பைத்தானும் இலவசம், அதில் எழுதியதும் இலவசம். ஆய்வுக்கும் களத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்புவதே நோக்கம் என்று அதை அறிமுகப்படுத்திய கட்டுரையின் தலைப்பிலேயே சொன்னார்கள். ஒரு வயலுக்கு ஒரு பருவம் என்றில்லாமல், பல வயல்களுக்கும் பல ஆண்டுகளுக்கும் ஒரே மூச்சில் கணக்குப் போட்டு ஒப்பிட இது வசதியானது. பருவம் முழுவதற்கும் இத்தனை மில்லிமீட்டர்தான் பாசன நீர் உண்டு என்று வரம்பு வைத்துவிட்டு, மண் ஈரம் எந்த அளவுக்குக் குறைந்ததும் தண்ணீர் பாய்ச்சினால் மகசூல் அதிகம் என்று தேட முடியும். கிணற்றுப் பாசன விவசாயியின் கேள்வியும் இதேதான்.

எங்கே சிக்குகிறது?

ஏற்கெனவே பைத்தான் பழகியவருக்கு இதை நிறுவுவது ஒரு வரிக் கட்டளை. புதியவருக்கு அந்த ஒரு வரிக்கு முன்னால் பத்து படிகள் இருக்கின்றன.

முதலில் பைத்தானை நிறுவ வேண்டும். எந்தப் பதிப்பு? புதியது நல்லது என்று நினைத்து அண்மைப் பதிப்பை ஏற்றினால் அங்கேயே சிக்கல் தொடங்கும். பைத்தானின் புதிய பதிப்பு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருகிறது. கணக்கை வேகமாக்கப் பயன்படும் துணைத் தொகுப்புகள் அந்தப் புதிய பதிப்புக்குத் தயாராகச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

துணைத் தொகுப்புகளுக்குள்ளும் பொருத்தம் வேண்டும். எண் கணக்குகளுக்கு அடித்தளமான 'நம்பை' என்ற தொகுப்பின் 2.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தது. பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்ட பல மென்பொருள்கள், எந்தப் பதிப்பு வேண்டும் என்று குறிப்பிடாமல் விட்டிருந்ததால், புதிதாக நிறுவியவர்களின் கணினியில் ஓட மறுத்தன. அதுவரை நன்றாக ஓடிய மென்பொருள், அதில் ஓர் எழுத்துகூட மாறாமலே, புதிதாக நிறுவுகிறவருக்கு ஓடாமல் போகும். இது பயனாளியின் தவறல்ல. ஆனால் திட்டு வாங்குவது அவர்தான்.

அலுவலகக் கணினியில் இன்னும் சில தடைகள் உண்டு. புதிய மென்பொருளை ஏற்ற நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். அது மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒருவரிடம் இருக்கும். கணினி பழையது. இணையம் மதியம் வரும், மாலையில் போகும். நிறுவல் நடுவில் தொடர்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் திரையில் சிவப்பு எழுத்தில் நாற்பது வரி ஆங்கிலப் பிழைச் செய்தி. அதில் எந்த வரி முக்கியம் என்பது நிரலாளருக்குத்தான் தெரியும். விதைப்புக் காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று கிராமம் சுற்றும் உதவி வேளாண்மை அலுவலர் இதற்குமேல் முயல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அவர் கணினியை மூடிவிட்டு வயலுக்குப் போவதுதான் சரி.

இந்த நிலையில் 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பொருள் குறைவு. விலை கொடுக்க வேண்டியதில்லை; ஆனால் அதைப் பயன்படுத்த ஒரு நிரலாளரைத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொடர்பு பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது, காப்பீட்டு நிறுவனத்துக்கு இருக்கிறது, பெரிய வேளாண் இடுபொருள் நிறுவனத்துக்கும் இருக்கிறது. விவசாயிக்கும் அவருக்கு அருகில் நிற்கும் பணியாளருக்கும் இல்லை.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

'எங்களுக்குக் கருவி வேண்டாம், பதில் மட்டும் போதும்' என்று விவசாயிகள் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவிப்பைப் படிக்க யாரும் வானிலைக் கணிப்பைக் கற்க வேண்டியதில்லை.

ஆனால் மாதிரிகளின் கணக்கு இப்போது ஆலோசனையோடு நிற்பதில்லை. விவசாயியின் பணத்தையும் தொடத் தொடங்கிவிட்டது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிப் பருவம் முதல் 'யெஸ்-டெக்' என்ற தொழில்நுட்ப வழி மகசூல் மதிப்பீடு நெல்லுக்கும் கோதுமைக்கும் கொண்டுவரப்பட்டது. இறுதி மகசூலைக் கணக்கிடும்போது குறைந்தது 30 சதவீதப் பங்கு இந்த மதிப்பீட்டுக்குத் தரப்பட வேண்டும் என்பது விதி. மீதிதான் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு. செயற்கைக்கோள் படங்கள், இயந்திரக் கற்றல் ஆகியவற்றோடு பயிர் வளர்ச்சி மாதிரிகளும் இந்த மதிப்பீட்டுக்கான வழிகளில் அடங்கும்.

அறுவடைப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் விவசாயி வயலில் போய் நிற்கலாம்; வெட்டிய கதிரை எடைபோடுவதைக் கண்ணால் பார்க்கலாம். கணினிக்குள் போடப்பட்ட கணக்கில் சந்தேகம் வந்தால் எங்கே போய் நிற்பது? அதே கணக்கை, அதே தரவைக் கொண்டு, வேறு ஒருவர் இன்னொரு கணினியில் ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும். திறந்த மென்பொருளின் பயன் அதுதான். எளிதாக நிறுவ முடியாத மென்பொருளில் அந்த உரிமை தாளில் மட்டுமே இருக்கும். எனவே நிறுவல் எளிமை என்பது கணினி ஆர்வலர்களின் விவகாரம் அல்ல. எதிர்க்கேள்வி கேட்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதே இங்குள்ள பிரச்சினை.

எளிமைக்கு வழி இருக்கிறது

இந்தச் சிக்கல்கள் தீராதவை அல்ல. தீர்வுகள் ஒவ்வொன்றும் இன்று நடைமுறையில் இருப்பவைதான்.

அக்வாகிராப்-ஓஎஸ்பையை உருவாக்கியவர்களே ஒரு வழியைக் காட்டினார்கள். எடுத்துக்காட்டுப் பாடங்களைக் 'கூகுள் கோலாப்' வழியே திறக்கும்படி வைத்தார்கள். உலாவியில் திறந்தால் போதும். கணக்கு தொலைவிலுள்ள கணினியில் ஓடும். நம் கணினியில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. முதல் அறிமுகம், பாசன நீர்த் தேவையைக் கணக்கிடுதல், பாசன முறையைச் செம்மைப்படுத்துதல், காலநிலை மாற்றத்தின் விளைவைப் பார்த்தல் என்று பாடங்கள் படிப்படியாக அமைந்துள்ளன. ஒரு பயிற்சி வகுப்புக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் இதற்குத் தொடர்ச்சியான இணையமும் கூகுள் கணக்கும் வேண்டும். பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நிரல் வரிகளைப் பார்த்ததும் மிரளாதவராகவும் இருக்க வேண்டும்.

இதற்கு அடுத்த படிகளை நமது வேளாண் பல்கலைக்கழகங்களும் அரசும் எடுக்க வேண்டும்.

முதலாவது, பதிப்புகளைக் கட்டிப்போடுவது. எந்தப் பைத்தான் பதிப்பு, எந்தத் துணைத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்று ஒன்றுவிடாமல் குறித்து, அவை அனைத்தையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுக்க முடியும். பயனாளி பைத்தான் என்ற பெயரையே அறிய வேண்டியதில்லை. கோப்பை இரு முறை சொடுக்கினால் ஓடும். நிர்வாகி கடவுச்சொல் கேட்காமலும், பென் டிரைவில் எடுத்துச் சென்று இணையம் இல்லாமலும் ஏற்றும்படி அது இருக்க வேண்டும்.

இரண்டாவது, உலாவிக்குள்ளேயே ஓடும் பதிப்பு. பைத்தானை உலாவிக்குள் ஓட்டும் 'பையோடைட்' போன்ற தொழில்நுட்பம் இன்று இருக்கிறது. பக்கம் ஒரு முறை இறங்கிவிட்டால் கணக்கு நம் கருவியிலேயே நடக்கும். விவசாயியின் நிலத் தரவும் வெளியே போகாது. வேகத்துக்கான சிறப்புத் தொகுப்புகள் இல்லாமலும், கொஞ்சம் மெதுவாகவாவது, ஓடும்படி மென்பொருளை எழுதினால்தான் இது சாத்தியம். ஒரு பருவத்துக்கான கணக்குக்குச் சில விநாடிகள் கூடுதலாக ஆவதில் விரிவாக்கப் பணியாளருக்கு நட்டம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, தொடர்ந்து சோதிப்பது. எதுவும் ஏற்றப்படாத புதிய கணினியில், அதுவும் விண்டோஸில், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நிறுவிப் பார்க்கும் தானியங்கிச் சோதனைகளைத் திறந்த மூலத் திட்டங்கள் கட்டணமின்றி நடத்திக்கொள்ள வசதி உண்டு. இதைச் செய்தால், துணைத் தொகுப்பு மாறியதால் வரும் கோளாறு பயனாளியை அடைவதற்கு முன் உருவாக்கியவருக்குத் தெரிந்துவிடும்.

நான்காவது, விடை தெரிந்த ஒரு எடுத்துக்காட்டு. நிறுவி முடித்ததும் முதலில் ஓட்ட வேண்டிய கணக்கு எது, அதற்கு வர வேண்டிய மகசூல் எண் எது என்று கையேட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். அதே எண் வந்தால் நிறுவல் சரி. வராவிட்டால் மேலே போகக் கூடாது. தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்க்கும் பழக்கம்தான் இது.

ஐந்தாவது, மொழி. தமிழில் கையேடு வேண்டும் என்பதோடு பிழைச் செய்தியும் தமிழில் வர வேண்டும். 'மழைக் கோப்பில் ஆகஸ்ட் 14-ம் தேதி விடுபட்டுள்ளது' என்று ஒரு வரி சொன்னால், பணியாளர் தானே திருத்திக்கொள்வார். நாற்பது வரி ஆங்கிலத்தைவிட அந்த ஒரு வரியின் பயன் பெரிது.

ஓடினால் மட்டும் போதாது

எளிமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிறுவக் கடினமான மென்பொருள் யாரையும் ஏமாற்றாது. அது ஓடவே இல்லை. எளிதாக ஓடும் மென்பொருள், தவறான தரவைக் கொடுத்தாலும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண் அட்டவணையாகவும் வரைபடமாகவும் அழகாக வரும்போது நம்பிவிடத் தோன்றும்.

மண்ணை எடுத்துக்கொள்வோம். அக்வாகிராப்பில் பட்டியலிலிருந்து மண் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். மணல் கலந்த குறுமண் என்று தேர்ந்தெடுத்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க நீர் சுமார் 120 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். மணல் என்று தேர்ந்தெடுத்தால் சுமார் 70 மில்லிமீட்டர். வேர் 60 சென்டிமீட்டர் போயிருக்கும் பயிருக்கு முதல் மண்ணில் 72 மில்லிமீட்டரும், இரண்டாவதில் 42 மில்லிமீட்டரும்தான் கையிருப்பு. அதில் பாதி தீர்ந்ததும் தண்ணீர் பாய்ச்சுவது என்று வைத்து, கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் செலவாகிறது என்று கணக்கிட்டால், முதல் மண்ணில் 6 நாளுக்கு ஒரு முறை, இரண்டாவதில் மூன்றரை நாளுக்கு ஒரு முறை. பட்டியலில் ஒரு வரி மேலே அல்லது கீழே சொடுக்கியதால் பாசன இடைவெளி ஏறக்குறையப் பாதியாகிறது.

நமது விவசாயிகளிடம் மண்வள அட்டை இருக்கிறது. ஆனால் அதிலுள்ள 12 அளவீடுகளும் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, பேரூட்ட, நுண்ணூட்டச் சத்துகள் பற்றியவை. மணல், வண்டல், களி எவ்வளவு, மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கும் என்ற விவரம் அதில் இல்லை. மாதிரி முதலில் கேட்கும் விவரமே நம் அட்டையில் விடுபட்டிருக்கிறது. மண் பரிசோதனையில் மண்ணின் நயத்தையும் சேர்த்தால், உரப் பரிந்துரைக்காக எடுக்கும் அதே மண் மாதிரி பாசனப் பரிந்துரைக்கும் பயன்படும்.

வானிலைத் தரவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அக்வாகிராப்-ஓஎஸ்பையுடன் பயிற்சிக்காகச் சில ஊர்களின் வானிலைக் கோப்புகள் சேர்ந்தே வருகின்றன. துனிசியாவின் துனிஸ், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள சாம்பியன் ஆகியவற்றோடு நம் நாட்டின் ஹைதராபாத்தும் அதில் உண்டு. கற்பதற்கு இது பெரிய வசதி. ஆனால் கோப்பை மாற்ற மறந்துவிட்டால், விருதுநகர் மானாவாரி நிலத்துக்கு ஹைதராபாத் மழையில் விளைந்த மகசூல் வரும். மென்பொருள் ஒரு வார்த்தையும் எச்சரிக்காது. ஆகவே, முடிவுத் தாளின் தலைப்பிலேயே எந்த ஊர் வானிலை, எந்த ஆண்டு, எந்த மண், எந்தப் பயிர் ரகத்துக்கான மதிப்புகள் என்று பெரிய எழுத்தில் வர வேண்டும். அந்த நான்கும் இல்லாத கணினிக் கணக்கை எவரும் ஏற்கத் தேவையில்லை.

பயிர்களும் அப்படியே. நெல், மக்காச்சோளம், பருத்தி, கரும்பு, சோளம், சூரியகாந்தி, தக்காளி போன்றவற்றுக்குத் தயார் மதிப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை உலகின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ரகங்களைக் கொண்டு வகுக்கப்பட்டவை. 110 நாளில் அறுக்கும் குறுகிய கால நெல்லுக்கும் 150 நாள் நீண்ட கால நெல்லுக்கும் ஒரே மதிப்பு பொருந்தாது. நிலக்கடலை, உளுந்து, மஞ்சள், வாழை ஆகியவை அந்தத் தயார்ப் பட்டியலில் இல்லை. தென்னை போன்ற மரப் பயிர்களுக்கு இந்த மாதிரி உருவாக்கப்படவே இல்லை. பூச்சியும் நோயும் கணக்கில் வராது; படைப்புழு தின்ற மக்காச்சோளத்துக்கும் அது நல்ல மகசூலையே சொல்லும்.

இவை மாதிரியை ஒதுக்குவதற்கான காரணங்கள் அல்ல. எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதைத் தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்கான காரணங்கள். நிறுவலை எளிமையாக்குகிறவர்கள், இந்த எல்லைகளையும் அதே எளிமையோடு திரையில் காட்ட வேண்டும்.

யார் செய்வது?

இலவசமாகக் கொடுக்கிறவர்களிடம் இவ்வளவு கேட்கலாமா என்ற கேள்வி எழலாம். திறந்த மூல மென்பொருள்களை உருவாக்குவோரில் பலர் ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும். ஆய்வு நிதி கட்டுரை வெளியானதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு பைத்தான் பதிப்பு மாறும்போது அதைச் சரிசெய்ய ஆளும் இல்லை, சம்பளமும் இல்லை. எனவே அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பயன்பெறும் அரசுகளும் நிறுவனங்களும் இந்தப் பராமரிப்பு வேலையைப் பகிர்ந்துகொள்வதே முறை. வாய்க்கால் வெட்ட நிதி ஒதுக்கித் தூர்வார ஒதுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். மென்பொருளிலும் அதே கதைதான்.

இங்கே அதற்கான அடித்தளம் ஓரளவு இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்திருக்கிறது. 2018-ல் வந்த உழவன் செயலியை விவசாயிகள் பயன்படுத்துகிறார்கள். மாவட்டந்தோறும் வேளாண் அறிவியல் நிலையங்களில் வயல் பரிசோதனைகள் நடக்கின்றன. இவை தனித்தனியே நிற்கின்றன. வட்டார வானிலைத் தரவு இந்த மாதிரிகள் நேரடியாகப் படிக்கும் வடிவில் வெளியிடப்பட வேண்டும். நம் ரகங்களுக்கான பயிர் மதிப்புகள் வயலில் சரிபார்க்கப்பட்டு, எந்த வயலில் எந்த ஆண்டு சரிபார்க்கப்பட்டன என்ற குறிப்போடு பொதுவில் வைக்கப்பட வேண்டும். தமிழில் ஒரே கோப்பாகக் கட்டிய மென்பொருளைப் பராமரிக்க நிரந்தரமாக இரண்டு மூன்று பேரை நியமிப்பது பெரிய செலவல்ல.

விரிவாக்கப் பணியாளர்கள் எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரம், ஒரு பயிர், ஒரு பருவம் என்று சிறிதாகத் தொடங்கலாம். மூன்று நான்கு விவசாயிகளின் வயல்களில் விதைப்புத் தேதி, ஒவ்வொரு பாசனத் தேதி, மோட்டார் ஓடிய நேரம், அறுவடை எடை ஆகியவற்றைக் குறித்து வைத்து, மாதிரி சொன்னதோடு ஒப்பிட்டாலே அது நம் ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். பொருந்தாத இடத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் அதுவும் ஒரு பங்களிப்பு.

விவசாயிகளும் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ளலாம். கணினி சொல்கிறது என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், எந்த ஊர் மழை, எந்த மண், எந்த ரகம் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதில் சொல்பவரின் பரிந்துரையைப் பரிசீலியுங்கள். கூடவே பாசனத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை ஒரு மகசூல் மதிப்பீட்டை எதிர்த்துப் பேச வேண்டி வந்தால் அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி.

வேளாண் துறைக்கு நாம் முன்வைக்கும் அளவுகோல் எளிமையானது. பயிர் மாதிரி எதையும் விவசாயிகளுக்கான கருவி என்று அறிவிக்கும் முன், ஒரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள சாதாரணக் கணினியில், நிரலாளர் யாரும் பக்கத்தில் இல்லாமல், ஓர் உதவி வேளாண்மை அலுவலர் அரை மணி நேரத்தில் அதை ஏற்றி, தன் வட்டார மழையையும் மண்ணையும் கொடுத்து, முதல் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். முடிந்தால் அது விவசாயிக்கான கருவி. முடியாவிட்டால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். அறிவிப்பைத் தள்ளிவைத்து அந்த வேலையை முடிக்க நிதி ஒதுக்க வேண்டும்.